ஊசுட்டேரியும் மலையூர் ஏரிகளும்

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் நாளில் மாணவர் கூடிப் பேசும் பேச்சில் இரண்டு ஏரிகளின் பெயர் தவறாமல் அடிபடும். ஒன்று உதகை ஏரி. மற்றொன்று கோடைக்கானல் ஏரி. படகு விட்டதும், குதிரை ஏறியதும், பனியில் நடுங்கியதும் பேச்சாகும். புதுச்சேரியின் கடற்காற்றிலே வளர்ந்த பிள்ளைகளுக்கு மலைமேல் தேங்கி நிற்கும் நீர் ஒரு புதுமை. அதனைப் பற்றி அவர்கள் ஓயாமல் பேசுவதில் வியப்பில்லை. ஆனால், "அந்த ஏரியை அமைத்தவர் யார்? எதற்காக அமைத்தார்?" என்று கேட்டால் பலர் விழிப்பர். "அமைத்தார்களா! மலையிலே இயற்கையாக உண்டான ஏரியன்றோ அது?" என்று சிலர் நம்மையே திருப்பிக் கேட்பர்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிச் சற்றே மலையேறிவிட்டு, பின்னர் நம் ஊருக்கு இறங்கி வருவோம். நம் ஊரின் மேற்கெல்லையிலும் ஓர் ஏரி இருக்கின்றது. அதன் வரலாறுதான் இன்று நான் சொல்ல வந்தது.

உதகை ஏரியைக் கட்டுவித்தவர் ஜான் சல்லிவன் என்னும் ஆங்கிலேயர், கோயம்புத்தூரின் கலெக்டர். 1819ஆம் ஆண்டில் நீலகிரிக்கு ஏறி வந்த அவர், அம்மலையின் குளிரிலும் வளத்திலும் உள்ளம் பறிகொடுத்தார். பள்ளத்தாக்கின் நடுவே ஓடிய நீரோடைகளைக் கரை போட்டு மறித்து, 1823 முதல் 1825 வரையிலான ஆண்டுகளில் ஏரியை உருவாக்கினார். கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்பது மட்டும் அவர் நோக்கம் அன்று. நீரைத் தேக்கிக் கீழே பாசனத்திற்கு விடலாம் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. அந்த மலை அதற்கு முன் ஆளில்லாத வெற்று மலையாக இருந்ததில்லை. தொதவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் எருமைகளை மேய்த்த புல்வெளி அது. அவர்களுக்கே அந்நிலத்தில் உரிமை உண்டு என்று அரசாங்கத்தோடு வாதாடியவர் சல்லிவன். அங்கே தாமும் நிறைய நிலம் வாங்கிச் சேர்த்தவரும் அதே சல்லிவன்தான். மனிதர் ஒரே தன்மையர் அல்லர் என்பதை வரலாறு படிப்போர் அடிக்கடி காண நேரும்.

இன்று நாம் காணும் உதகை ஏரி சல்லிவன் கட்டிய ஏரியில் ஒரு பகுதிதான். ஊர் வளர வளர ஏரி சுருங்கிற்று. குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் இருக்கும் இடம் முன்னர் ஏரி நீர் பரந்திருந்த இடம். எஞ்சிய நீர்ப்பரப்பு ஏறத்தாழ 65 ஏக்கர். ஊர்க் கழிவைச் சுமந்து கோடப்பமந்துக் கால்வாய் வந்து அதில் விழுவதும் நெடுங்காலத்துத் துன்பம். படகில் ஏறுவோர் இதனை அறிவதில்லை. அறிந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு மறந்துவிடுகின்றனர்.

கோடைக்கானல் ஏரி அதற்கு நாற்பது ஆண்டுகள் இளையது. 1845ஆம் ஆண்டு முதற்கொண்டு அமெரிக்கப் பாதிரிமார் வெயிலுக்கு அஞ்சி மதுரைச் சீமையிலிருந்து பழனி மலைக்கு ஏறத் தொடங்கினர். மதுரையில் கலெக்டராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்சு என்பவர் 1863ஆம் ஆண்டில் அங்கே சதுப்பாகக் கிடந்த பள்ளத்தின் வாயை அடைத்து நீரைத் தேக்கினார். விண்மீனைப் போலக் கைகளை நீட்டிக் கிடக்கும் அந்த ஏரியின் பரப்பு 60 ஏக்கர். முதற்படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டது. கடற்கரையிலிருந்து அந்தப் படகை மலைமேல் ஏற்றிய சுமைகாரர்களின் பெயர் ஏட்டில் ஏறவில்லை. லெவிஞ்சுக்கு நினைவுச் சிலுவை இருக்கின்றது. ஏரி நிரம்பி வழியும் நீர்தான் மலைப்பாதையில் வெள்ளி அருவியாக விழுகின்றது. அருவியை இயற்கை என்கிறோம்; அதற்கு நீர் கொடுப்பது மனிதர் போட்ட கரை.

மூன்றாவதாக ஒரு மலை ஏரியைச் சொல்ல வேண்டும். தேக்கடியில் யானை பார்க்கச் செல்வோர் படகேறும் பெரியாற்று ஏரி அது. மேற்கே ஓடிக் கடலில் வீழ்ந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, அந்நீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பும் பெருவேலை 1887இல் தொடங்கி 1895இல் முடிவெய்தியது. பென்னிகுயிக் என்னும் பொறியியலாளரின் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் குழந்தைகளுக்கு இடுகின்றார்கள். வறண்டு கிடந்த மதுரைச் சீமையின் வயல்களுக்கு நீர் வேண்டும் என்பதே அவ்வணையின் ஒரே நோக்கம். யானையும் காட்டெருமையும் அந்தத் திட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் நீர் தேங்கியதும் விலங்குகள் கரைக்கு வந்தன. மூழ்கிய காட்டின் மரங்கள் பட்டுப்போய், கட்டைகளாக இன்றும் நீருக்கு மேலே தலை நீட்டி நிற்கின்றன. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அவற்றில் அமர்ந்து சிறகு உலர்த்துகின்றன. 1934இல் திருவிதாங்கூர் அரசு அங்கே வேட்டையைத் தடுத்துக் காப்புக்காடு வகுத்தது. 1978இல் அது புலிகள் காப்பகமாயிற்று. வயலுக்காகத் தேக்கிய நீர், அழைக்காமல் வந்த விலங்குகளின் வீடாகி, அதன் பின்னரே பார்வையாளரின் இடமாயிற்று.

இந்த வரிசையை மனத்திற் கொண்டு நம் ஊருக்கு இறங்குவோம்.

புதுவை நகரின் நடுவே, பாரதி பூங்காவில், வெண்ணிறமான ஒரு மண்டபம் நிற்கின்றது. ஆயி மண்டபம் என்பது அதன் பெயர். கணிகை ஒருத்தியின் பெயரால் நின்ற மண்டபம் அது. அவள் மாளிகையில் விளக்குகள் ஒளி வீசுவதைக் கண்டு கோயில் என்று மயங்கிக் கைகூப்பினான் வழிச்சென்ற விசயநகர மன்னன் ஒருவன். உண்மை அறிந்ததும் சினந்து, அவ்வீட்டை இடிக்கச் சொன்னான். ஆயி அவகாசம் வேண்டிப் பெற்று, தானே தன் வீட்டை இடித்து அவ்விடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது செவிவழிக் கதை. முத்திரையர்பாளையத்து அந்நீரைத்தான் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக்காரர் நகருக்குக் கொண்டுவந்தனர். கதையைக் கேட்ட பேரரசர் அவளுக்கு நினைவு மண்டபம் எடுக்கச் செய்தார் என்பர். கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்பது ஒருபுறம் இருக்க, ஒரு நகரம் தன் நடுப்பூங்காவில் நீர் தந்தவளுக்கு மண்டபம் எழுப்பியிருப்பது நினைக்கத் தக்கது.

அந்த மண்டபத்தை விட்டு மேற்கு நோக்கிச் சென்றால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஊசுட்டேரி வந்துவிடும். சாலையிலிருந்து கரைமேல் ஏறியவுடன் முதலில் தோன்றுவது அதன் பரப்பு. ஏறத்தாழ 800 ஹெக்டேர். கோடைக்கானல் ஏரியைப் போல முப்பது ஏரிகளை இதற்குள் அடக்கலாம். புதுவை வட்டாரத்து ஏரிகளில் இதுவே மிகப் பெரியது. சுற்றிலும் மலை இல்லை. பனையும் வயலும் செம்மண் மேடுமே உண்டு. எனினும் மலைக்கும் இதற்கும் உறவு உண்டு. செஞ்சிக் குன்றுகளில் பெய்யும் மழை திரண்டு சங்கராபரணி ஆறாக ஓடி வருகின்றது. செஞ்சியாறு, வராக நதி என்பனவும் அதன் பெயர்களே. வீடூரில் 1950களின் இறுதியில் எழுந்த அணையைக் கடந்து அது நம் எல்லைக்குள் வந்து, வில்லியனூர் வழியாகச் சென்று, அரியாங்குப்பத்தருகே கடலோடு கலக்கின்றது. அவ்வாற்று நீரில் ஒரு பங்கைச் சுத்துக்கேணி வாய்க்கால் பிரித்து ஊசுட்டேரிக்குக் கொண்டுவருகின்றது. இராசா தேசிங்கின் கோட்டைப் பாறைகளில் விழுந்த மழைத்துளி ஒன்று ஊசுட்டேரியில் வந்து தங்குவதாகக் கற்பனை செய்துகொண்டால் அது முழுக் கற்பனை ஆகாது.

இனி இந்த ஏரியின் தனிக்கதைக்கு வருகிறேன். இந்த ஏரியின் நடுவே ஓர் எல்லைக்கோடு செல்லுகின்றது. ஏறத்தாழப் பாதி நீர் புதுச்சேரிக்கு; மறுபாதி தமிழ்நாட்டின் விழுப்புர மாவட்டத்திற்கு. நீரில் கோடு கிழிக்க முடியுமா என்று கேட்கலாம். கிழித்தார்கள், கிழித்த கைகள் நெடுந்தொலைவில் இருந்தவை.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கருநாடகத்து நவாபுப் பட்டத்திற்கு எழுந்த சண்டையில் துய்ப்ளே சந்தா சாகிபின் பக்கம் நின்றார். அந்தத் துணைக்குக் கிடைத்த கைம்மாறுகளில் வில்லியனூர், பாகூர் ஆகிய வட்டாரங்களும் அடங்கும். கடற்கரைக் கோட்டை ஒன்றை மட்டும் வைத்திருந்த வணிகக் கும்பினிக்கு வயல்களும் ஏரிகளும் வாய்த்தது அப்போதுதான். பின்னர் போர்கள் வந்தன. 1761இல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினர், திரும்பக் கொடுத்தனர், மீண்டும் பிடித்தனர். 1783ஆம் ஆண்டு வெர்சேல்சு உடன்படிக்கையிலே, புதுச்சேரியைச் சூழ்ந்த நிலமாக வில்லியனூரும் பாகூரும் பிரான்சுக்குச் சேர வேண்டும் என்று பெயர் குறித்தே எழுதினார்கள். அமெரிக்க விடுதலைப் போரை முடித்துவைத்த உடன்படிக்கைகளோடு அது ஒரே நாளில் கையெழுத்தாயிற்று. பாரிசு நகருக்கு அருகே ஓர் அரண்மனையில் மை தொட்டு எழுதியவர்களுக்கு வில்லியனூர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமோ, ஐயமே. நெப்போலியன் போர்கள் ஓய்ந்த பிறகு, 1816இல், புதுவை கடைசி முறையாகப் பிரெஞ்சுக்காரர் கைக்கு மீண்டது.

ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தபடியால் பிரெஞ்சு நிலமும் ஆங்கில நிலமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, கிழிந்த துணியில் ஒட்டுப்போட்டாற்போல் கிடந்தன. ஒரு சிற்றூரிலிருந்து அடுத்த சிற்றூருக்குப் போகின்றவன் சுங்கச் சாவடிகளைக் கடக்க வேண்டியிருந்தது. நிலத்தில் இந்தப் பிரிவைச் சாவடி காட்டிற்று. ஊசுட்டேரியிலே காட்ட ஒன்றும் இல்லை. நீர் இருபுறமும் ஒன்றாகவே நின்றது.

1954 நவம்பர் முதல் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. 1962 ஆகத்து 16ஆம் நாள் சட்டப்படி இணைப்பு நிறைவேறிற்று. அத்துடன் கோடு அழிந்திருக்கலாம். அழியவில்லை. புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதியாகவே நின்றது. பழைய பிரெஞ்சு எல்லை பெயர் மாறி நிலைத்தது. இதனைக் குறை என்று நான் சொல்லவில்லை. புதுவைக்கென்று ஒரு தனிப்பண்பு நிலைத்ததற்கும் அக்கோடு ஒரு காரணம். ஆனால் ஏரிக்கு அது தொல்லைதான். கரையைப் பழுது பார்ப்பது ஓர் அரசு. நீர் வரும் ஆற்றின் மேற்பகுதி மற்றோர் அரசின் ஆட்சிக்குள். ஒரு கரையில் மண் அள்ளத் தடை இருந்தால் மறுகரைக்கு அத்தடை தானாகச் செல்லுவதில்லை.

இனிப் பறவைகளைப் பற்றிச் சொல்லுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைகின்றது. அப்போதே விருந்தினர் வரத் தொடங்குகின்றனர். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடஆசியாவின் குளிர் நாடுகளிலிருந்து இமயத்திற்கும் அப்பாலிருந்து பறந்து வருகின்றன. உள்நாட்டுப் பறவைகளோ பல. நெற்றியில் வெள்ளை நாமம் இட்டாற்போன்ற நாமக்கோழி கூட்டம் கூட்டமாக மிதக்கும். முக்குளிப்பான் கண்ணெதிரே மூழ்கி, நாம் எதிர்பாராத இடத்தில் எழும். தாமரை இலைமேல் நீண்ட விரல்களை ஊன்றி இலைக்கோழி நடக்கும். கூழைக்கடா, பைபோல் தொங்கும் அலகோடு, தோணிபோல் நகரும். நத்தைகுத்தி நாரை சேற்றிலே நத்தையைத் தேடும். அதன் அலகின் நடுவே ஓர் இடைவெளி உண்டு. முதன்முறை காண்போர் அலகு உடைந்துபோயிற்றோ என்று இரங்குவர்.

இவற்றுக்கெல்லாம் ஒரே ஆழத்து நீர் பயன்படாது. நாரைக்குக் கணுக்கால் அளவு போதும். அதற்கு மேல் நீர் இருந்தால் அதற்கு இரை கிட்டாது. ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து கழுத்தெட்டும் ஆழத்தில் மேயும். நீர்க்காகம் ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்கும். ஊசுட்டேரி ஓரங்களில் மிக மெதுவாகச் சரியும் ஏரி. ஆகையால் பல ஆழங்கள் அதில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வயலுக்காக நீர் திறக்கத் திறக்க, நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று சேறாகின்றது. நாரைக்கு நாள்தோறும் புதுப்பந்தி. உழவர் மதகைத் திறந்து மூடும் வழக்கமே பறவைகளுக்கு உணவு முறை வகுத்தது என்றால் மிகையாகாது. உதகையிலும் கோடைக்கானலிலும் இவ்வளவு பறவை ஏன் இல்லை என்பதற்கும் விடை இதுவே. அங்கே செங்குத்தான கரையும், ஆண்டு முழுவதும் ஒரே அளவாக நிறுத்திய நீரும் உண்டு. படகுக்கு அது நன்று, நாரைக்கு அன்று.

உழவரும் பறவையும் ஒருவரால் ஒருவர் வாழ்ந்ததற்கு எழுத்துச் சான்று வேண்டுமானால் வேடந்தாங்கலுக்குச் செல்ல வேண்டும். செங்கற்பட்டுச் சீமையில் உள்ள அந்தச் சிற்றேரி 30 ஹெக்டேர் அளவே உடையது. நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும் என்பதை ஊரார் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். வெள்ளைச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் பொறுக்கவில்லை. கலெக்டரிடம் முறையிட்டு, 1798 வாக்கில், பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றனர். 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. வழங்கிய கலெக்டர் லயனல் பிளேசு. மதுராந்தகம் ஏரியின் கரையைப் பழுது பார்த்தவரும் அவரே. மழையிரவில் வில்லேந்திய இராமன் கரைமேல் நின்று காத்ததை அவர் கண்டார் என்று "ஏரி காத்த இராமர்" கதை கூறுகின்றது. காடு காக்கும் சட்டங்கள் இந்நாட்டில் பிறப்பதற்கு நெடுநாள் முன்னரே, பட்டமும் பதவியும் இல்லாத உழவர்கள் பறவைகளுக்காக வழக்காடி வென்றார்கள் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

ஊசுட்டேரிக்கு அத்தகைய எழுத்து நம் காலத்தில்தான் வந்தது. 2008ஆம் ஆண்டில் புதுச்சேரி அரசு தன் பக்கத்து 390 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பக்கத்தை அறிவித்தது ஆறேழு ஆண்டுகள் பிந்தி. அந்த இடைக்காலத்தில், நாமக்கோழி ஒன்று இரை தேடிச் சில முழம் மேற்கே நீந்தினால் காப்பை விட்டு வெளியேறிவிடும். வெர்சேல்சு அரண்மனையில் பெயர் குறித்துக் கொடுத்த ஊர்களின் எல்லை இருநூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு நாமக்கோழியின் பாதுகாப்பை இவ்வாறு முடிவு செய்தது. இதைவிட வேடிக்கையான வரலாற்றுப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

காப்பிடம் என்று பெயர் வந்தபின் வேறொரு சிக்கல். ஊசுட்டேரியில் படகுத்துறை ஒன்றும் அமைந்தது. உதகையைப் போல, கோடைக்கானலைப் போல, இங்கும் மக்கள் படகேற விரும்பினர். அதிலே தவறென்ன என்று கேட்கலாம். மக்கள் மகிழ்வதில் தவறில்லை. ஆனால் இயந்திரப் படகின் ஓசைக்கு வாத்துக்கூட்டம் எழும். எழுந்து, சுற்றி, வேறிடத்தில் இறங்கும். சற்று நேரத்தில் அடுத்த படகு வரும். வடக்கேயிருந்து பறந்து வந்து களைத்த பறவை, திரும்பிச் செல்ல வேண்டிய கொழுப்பை உடம்பிலே சேர்க்க வேண்டிய காலம் அது. ஒருமுறை எழுந்து பறப்பது அதற்கு ஒரு வேளை உணவை இழப்பதற்கு ஒப்பு. காணச் செல்வோரே காணப்படுவதை விரட்டுகின்ற விந்தை இது. துடுப்புப் படகு ஒருவாறு பொறுக்கத் தக்கது. கரையில் நின்று தொலைநோக்கியால் காண்பது இன்னும் நன்று என்பது என் கருத்து.

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, மாணவர் சிலரோடு அந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தேன். தோளில் மண்வெட்டியோடு வந்த முதியவர் ஒருவர், எங்கள் கையிலிருந்த தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன பார்க்கிறீர்கள், ஐயா?" என்றார்.

"பறவை பார்க்கிறோம், பெரியவரே" என்றேன்.

"பார்க்கட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும். முன்பெல்லாம் நாங்கள்தான் இந்தக் கரைக்கு வருவோம். இப்போது பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம்" என்று சிரித்தார். பிறகு கீழ்ப்புறத்தைக் கைகாட்டினார். "அங்கே மனைக்கல் நட்டிருக்கிறார்களே, அதெல்லாம் இந்த மதகு பாய்ந்த நிலம். நிலம் போனால் மதகு எதற்கு? மதகு இல்லையென்றால் வாய்க்காலை யார் தூர் எடுப்பார்கள்?"

மாணவர் ஒருவர், "அரசாங்கம் எடுக்குமே, தாத்தா" என்றார்.

"எடுக்கும். எப்போது எடுக்கும் என்று சொல்லு" என்று கூறிவிட்டு அவர் வரப்பில் இறங்கிச் சென்றார்.

அவர் கேட்டதற்குள் இந்த ஏரியின் இன்றைய நிலை அடங்கியிருக்கின்றது. ஏரி என்பது தானே நிற்கும் பொருள் அன்று. ஆண்டுதோறும் வண்டல் படியும், வரத்துக் கால்வாயில் செடி முளைக்கும், கரை அரிக்கும். பழங்காலத்தில் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது: பாசனம் பெறுகின்ற ஒவ்வொரு குடியும் ஓர் ஆளை அனுப்பித் தூர் வாரியும் கரை கட்டியும் வந்தது. தன் பயிருக்கு நீர் வேண்டும் என்பதால் உழவன் செய்தான், பறவைக்காகச் செய்யவில்லை. அவன் தன்னலமே பறவைக்கு அரணாயிற்று. ஆயக்கட்டு நிலம் மனையாக மாறியபின் அந்தத் தன்னலம் அங்கே இல்லை. மனை வாங்கியவர்க்கும் ஏரியால் நன்மை உண்டு. கடலோர நகரமாகிய புதுவையில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைப்பதால் உப்பு நீர் உள்ளே புகுந்து வருகின்றது. ஊசுட்டேரியின் நீர் மண்ணுள் இறங்கிக் கிணறுகளுக்கு நன்னீர் ஊட்டுகின்றது. ஆனால் அந்நன்மை கண்ணுக்குத் தெரியாதது. கண்ணுக்குத் தெரியாத நன்மைக்காக யாரும் மண்வெட்டி எடுப்பதில்லை.

முன்னோர் இதனை எப்படி நோக்கினர் என்பதற்குப் புதுவையின் தென்பகுதியிலுள்ள பாகூர் சான்று. தென்பெண்ணையாற்றிலிருந்து பங்காரு வாய்க்கால் நீர் கொண்டுவரும் பாகூர் ஏரி, இவ்வட்டாரத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெருமை உடையது. பங்காரி, சிங்காரி என்ற சகோதரிகள் இருவர் வாய்க்கால் வெட்டினார்கள் என்று அங்கே ஒரு கதை வழங்குகின்றது. நீர் தந்த பெண்களை மறவாமை இந்த ஊர்களின் இயல்பு போலும். பாகூரிலே 9ஆம் நூற்றாண்டில் ஒரு கல்லூரி இருந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு அதனைக் கூறுகின்றது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களை அந்த வித்தியாசாலைக்குக் கொடையாக விட்டனர். ஊரைக் கொடுப்பதென்றால் ஊரின் வயல் வருவாயைக் கொடுப்பது; நீர் இல்லாத வயலுக்கு வருவாய் ஏது? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பாகூரில் ஓலைச்சுவடி விரித்துப் படித்த மாணவன் உண்ட சோற்றில் ஏரித்தண்ணீர் இருந்தது.

ஊசுட்டேரிக்குச் செல்ல விரும்பும் மாணவர்க்கு இரண்டொரு சொல். கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். சூரியன் மேலேறுமுன், ஆறரை மணிக்குள் கரையை அடைந்துவிட வேண்டும். எட்டு மணிக்கு மேல் நீரின் கண்கூச்சத்தில் வாத்தும் நிழலும் ஒன்றுபோல் தெரியும். வெளுத்த, பளிச்சென்ற உடை வேண்டாம். உரக்கப் பேச வேண்டாம். கையில் ஒரு குறிப்பேடு கொண்டு செல்க. கண்ட பறவையின் பெயர் தெரியாவிடின், அலகின் வடிவையும் காலின் நிறத்தையும் எழுதிக்கொண்டால் பின்னர்த் தேடி அறியலாம். பறவை பார்த்து முடிந்தபின் உடனே திரும்பிவிடாதீர்கள். கரைமேல் சிறிது தொலைவு நடந்து, ஒரு மதகின் அருகே இறங்கி நின்று, நீர் போகும் திசையில் வாய்க்காலைத் தொடர்ந்து செல்லுங்கள். எவ்வளவு தூரம் சென்றபின் வயல் தொடங்குகின்றது, அல்லது வயல் முடிந்து மனைக்கல் தொடங்குகின்றது என்பதையும் அதே குறிப்பேட்டில் தேதி இட்டு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மீண்டும் சென்று, அதே இடத்தில் நின்று, பழைய பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.